ஜீப்புக்குப் பின்னால் வந்த பியானோ

கேள்வி இது: "இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா தன் வீரர்களுக்காகப் போர்முனைக்கே பியானோ அனுப்பியது என்று படித்தேன். துப்பாக்கிக்கும் டாங்கிக்குமே இரும்பு போதாத காலத்தில் இது நடந்திருக்குமா? ரேடியோவும் கிராமபோனும் இருக்கும்போது பியானோ எதற்கு? அதனால் வீரர்களின் மனவலிமை கூடியது என்பது நம்பக்கூடியதா?"

நடந்தது உண்மைதான். ஒன்றிரண்டு இல்லை, ஆயிரக்கணக்கில் அனுப்பினார்கள். நான் சென்னையில் முப்பது வருஷத்துக்கு மேலாகப் பியானோக்களைப் பழுது பார்த்துச் சுதி சேர்க்கிறவன். அதனால் இந்தக் கதையில் என் கண் முதலில் போவது அந்தப் பெட்டியைச் செய்த விதத்தின் மேல்தான். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் அஸ்டோரியா என்று ஓர் இடம். ஸ்டைன்வே கம்பெனியின் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஒரு குடும்பம் 1853-ல் தொடங்கிய கம்பெனி அது. 1942-ல் அமெரிக்கப் போர் உற்பத்தி வாரியம் பியானோ செய்வதை நிறுத்தச் சொல்லிவிட்டது. ஏன் என்று தெரிந்துகொள்ள ஒரு பியானோவைத் திறந்து பார்த்தால் போதும். உள்ளே இருநூறுக்கும் மேற்பட்ட எஃகுக் கம்பிகள் இருக்கும். எல்லாம் சேர்ந்து இழுக்கும் இழுப்பு 18 முதல் 20 டன் வரை வரும். அதைத் தாங்க முழுசாக ஒரு வார்ப்பிரும்புச் சட்டம் வேண்டும். மந்தர ஸ்தாயிக் கம்பிகளின் மேல் செம்பு சுற்றியிருக்கும். பெடல், கீல், திருகு எல்லாம் பித்தளையும் இரும்பும். அன்றைக்கு ராணுவம் எதையெல்லாம் தேடி அலைந்ததோ, அத்தனையும் ஒரு பியானோவுக்குள் இருந்தது.

பியானோ செய்ய முடியாமல் போன அந்தத் தச்சர்கள் கிளைடர் விமானங்களுக்கு இறக்கையும் வால்பகுதியும் செய்தார்கள். கிளைடருக்கு எஞ்சின் கிடையாது. இன்னொரு விமானம் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய், இலக்குக்குப் பக்கத்தில் அவிழ்த்துவிடும். சிஜி-4ஏ என்ற அந்த ரகம் பதின்மூன்று வீரர்களைச் சுமக்கும். மெல்லிய மரப்பட்டைகளை அடுக்கடுக்காக ஒட்டி, வளைத்து, உடையாத வடிவமாக்குவது கிராண்ட் பியானோவின் பக்கச் சுவரைச் செய்கிறவனுக்குக் கைவந்த வேலை. அதே கை இப்போது இறக்கைக்குப் போனது. அட்லான்டிக்கின் மறுகரையில் அதே கம்பெனிக்கு ஹாம்பர்க்கிலும் ஒரு தொழிற்சாலை இருந்தது. அங்கேயும் பியானோ வேலை நின்றது. சேர்த்து வைத்திருந்த நல்ல மரமெல்லாம் ஜெர்மனியின் போர் வேலைக்குப் போனது. ஒரே பட்டறைப் பாரம்பரியம் ஒரே நேரத்தில் இரண்டு எதிரிப் படைகளுக்கும் மரவேலை செய்திருக்கிறது. எப்போது நினைத்தாலும் எனக்கு மனசு கனக்கிற விஷயம் இது.

இந்த நிலையில்தான், அதே 1942-ல், ராணுவத்துக்காகப் பியானோ செய்ய அஸ்டோரியாவுக்கு அனுமதி கிடைத்தது. நாற்பது அங்குல உயரத்தில், நெட்டுக்கு நிற்கும் சின்ன ரகம். கம்பெனி அதற்கு வைத்த பெயர் விக்டரி வெர்டிகல். வீரர்கள் ஜி.ஐ. பியானோ, அதாவது சிப்பாய்ப் பியானோ என்றார்கள். போர் முடிவதற்குள் 2,400-க்கும் மேல் ராணுவத்துக்குப் போயின.

இனி அதை எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். தரைப்படைக்குப் போனதற்கு ஜீப்புக்கு அடிக்கும் அதே ஆலிவ் பச்சை பெயின்ட். நீலத்திலும் சாம்பல் நிறத்திலும்கூட உண்டு. விசைப்பலகைக்குக் கீழே முன்னால் நிற்குமே இரண்டு கால்கள், அவற்றை எடுத்துவிட்டார்கள். லாரியில் ஏற்றி இறக்கும்போது முதலில் ஒடிவது அவைதான். நாலு பேர் தூக்குவதற்குக் கைப்பிடிகள் வைத்தார்கள். எடை சுமார் 200 கிலோ. நம் ஊரில் நாலு பேர் ஒரு பழைய நெட்டுப் பியானோவை மாடிக்கு ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு, 200 கிலோ எவ்வளவு லேசு என்று தெரியும்.

செம்பு கிடைக்கவில்லை. மந்தர ஸ்தாயிக் கம்பிகளுக்கு மெல்லிரும்பைச் சுற்றினார்கள். செம்பைவிட இரும்பு லேசானது. அதே கீழ்ச் சுரம் வர வேண்டுமென்றால் இன்னும் தடிமனாகச் சுற்ற வேண்டும். அப்படிச் சுற்றினால் நாதம் கொஞ்சம் மந்தமாகத்தான் வரும். செய்தவர்களுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தும், பியானோவே இல்லாமல் இருப்பதற்கு இது மேல் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

விரலால் அழுத்தும் கட்டைகளின் மேல் தந்தத்துக்குப் பதிலாக செல்லுலாய்டு என்ற பிளாஸ்டிக்கை ஒட்டினார்கள். ஈரத்தைத் தாங்கும் பசையைப் போட்டார்கள். பூச்சி அரிக்காமல் இருக்க மரத்துக்கு மருந்து பூசினார்கள். இந்த மூன்றும் எவ்வளவு பெரிய விஷயம் என்று சென்னைக்காரனான எனக்கு நன்றாகத் தெரியும்.

ஐப்பசி மழை முடிந்ததும் எனக்கு வரும் அழைப்புகளில் முக்கால்வாசி ஒரே புகார்தான்: கட்டை அழுந்தினால் மேலே வருவதில்லை. முன்பலகையைக் கழற்றினால் ஊறிய மரத்தின் வாசனை வரும். கட்டையின் நடுவில் ஒரு துளை இருக்கும், அதில் ஒரு ஊசி நிற்கும். துளைக்குள் ஒட்டியிருக்கும் கம்பளித் துணி ஈரத்தில் உப்பி ஊசியைப் பிடித்துக்கொள்ளும். விரல் விட்டு அசைத்தால் இறுகிப்போயிருப்பது தெரியும். தச்சர்கள் வச்சிரம் என்று சொல்லும் தோல்பசை போட்ட பழைய பியானோவாக இருந்தால் இன்னும் மோசம். பசை இளகி, தந்தத் தகடு கட்டையைவிட்டுக் கழன்று நிற்கும். சில பெட்டிகளில் கம்பியை அடிக்கும் சுத்தியலின் கம்பளியைப் பூச்சி தின்றிருக்கும். ஒரு தடவை, ஒரு பழைய வீட்டுப் பியானோவின் அடிப்பலகையை விரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. வெளியே வார்னிஷ் பளபளக்கிறது, உள்ளே முழுக்கக் கரையான். ஜன்னலும் கூரையும் உள்ள வீட்டுக்குள்ளேயே இந்தக் கதி என்றால், பசிபிக் தீவுகளில் கூடாரத்துக்குக் கீழே நின்ற பியானோவை யோசித்துப் பாருங்கள். அந்தப் பசையையும் மருந்தையும் யோசித்து வைத்தவர்கள் எந்த ஊருக்கு அனுப்புகிறோம் என்று தெரிந்து வேலை செய்திருக்கிறார்கள்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம் வேறு. ஒவ்வொரு பெட்டியோடும் சுதி சேர்க்கும் கருவிகள், உதிரிப் பாகங்கள், எப்படிச் சுதி சேர்ப்பது என்ற விளக்கம், கூடவே பாட்டுத் தாள்கள் எல்லாம் போயின. அதாவது, போர்முனையில் சுதி சேர்க்க ஆள் வரமாட்டான், நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நம்பி அனுப்பியிருக்கிறார்கள். சுதிச் சாவியைக் கம்பி சுற்றிய முளையில் மாட்டி முதல் தடவை திருப்புகிறவனுக்குக் கை நடுங்கும். கொஞ்சம் அதிகமானால் கம்பி அறுந்து முகத்தில் அடிக்குமோ என்ற பயம். அந்தப் பயத்தோடு, எங்கேயோ ஒரு முகாமில், வீட்டில் மெக்கானிக்காகவோ விவசாயியாகவோ இருந்த ஒரு பையன் ஒரு சுரத்துக்குரிய மூன்று கம்பிகளை ஒரே சுதிக்குக் கொண்டுவரப் பாடுபட்டிருப்பான். மூன்றும் ஒன்றாகி நாதத்தின் அலைச்சல் அடங்கும் கணம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பாராசூட்டில் போட்டார்கள் என்ற கதையைப் பலர் கேட்டிருப்பீர்கள். அப்படி இறக்கினாலும் தாங்கும்படி பெட்டி கட்டினார்கள் என்றுதான் எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். ஆனால் எனக்கு வானத்திலிருந்து இறங்கியதைவிட மண்ரோட்டில் வந்த ஒரு பியானோவின் கதைதான் முக்கியமாகப் படுகிறது. 1943 மே மாதம், வட ஆப்பிரிக்காவில் இருந்த ஒரு சாதாரணச் சிப்பாய் தன் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினான். இரண்டு நாள் முன்பு ஒரு ஜீப் சின்ன வண்டி ஒன்றை இழுத்துக்கொண்டு முகாமுக்கு வந்தது, அதில் விளக்குகளும் ஒரு ஸ்டைன்வேயும் இருந்தன, அது சின்னதாக, ஜீப் மாதிரியே பச்சை நிறத்தில் இருந்தது, எங்களுக்கெல்லாம் ஒரே குஷி என்று எழுதுகிறான். சாப்பாட்டுக்குப் பிறகு அதைச் சுற்றி நின்று எல்லோரும் பாடியதையும், சிரித்த முகத்தோடு தூங்கப் போனதையும், இன்றைக்கும் அந்தப் பாட்டுகள் வாயில் ஓடிக்கொண்டிருப்பதையும் சொல்கிறான். 'பியானோ' என்ற சொல்லை அவன் எழுத்துப் பிழையோடு எழுதியிருக்கிறான். யார் வாசித்தார்கள், எவ்வளவு நன்றாக வாசித்தார்கள் என்பது அவனுக்கு முக்கியமாக இல்லை. 'நாங்கள் பாடினோம்' என்பதுதான் அவன் சொல்ல வந்தது.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இருக்கிறது. ரேடியோ, கிராமபோன் இருக்கும்போது பியானோ எதற்கு?

அமெரிக்க ராணுவம் இசைத்தட்டுகளையும் குறைவாக அனுப்பவில்லை. 1942 ஆகஸ்டிலிருந்து இசைக்கலைஞர்கள் சங்கம் ஒலிப்பதிவுக்கு வரமாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தது. அந்தச் சமயத்திலும் வீரர்களுக்காக மட்டும் பதிவு செய்ய ஒப்புக்கொண்டார்கள். அப்படி வந்தவைதான் வி-டிஸ்க் தட்டுகள். 1943 முதல் 1949 வரை 80 லட்சத்துக்கும் மேல் அனுப்பினார்கள். பெரிய பெரிய கலைஞர்கள் எல்லாம் அதில் உண்டு. அதன் அருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் தட்டு ஓடும்போது வீரன் கேட்கிறவன். கண்ணை மூடிக்கொண்டு தனியாகக் கேட்கலாம், பாதியில் எழுந்து போகலாம். தட்டு அவனுக்காக நிற்காது, அவன் தொண்டைக்கு ஏற்ற சுதிக்கு இறங்காது, மறந்துபோன வரிக்காகக் காத்திருக்காது.

பியானோ அப்படி இல்லை. ஒருத்தன் உட்கார்ந்து தடவித் தடவி ஒரு மெட்டைப் பிடிக்கிறான். பக்கத்தில் நிற்கிறவன், 'கொஞ்சம் கீழே இறக்கு, எட்டவில்லை' என்கிறான். இறக்குகிறான். இன்னொருத்தனுக்கு இரண்டாம் சரணம் தெரியும். அது தெரியாதவன் தாளம் போடுகிறான். இருபது பேர் சேர்ந்தால் தப்பும் தவறும் அமுங்கிவிடும். ஒரு பியானோவுக்குள் மெட்டும் இருக்கிறது, பின்னணியும் இருக்கிறது, தாளமும் இருக்கிறது. ஒரே ஆள், ஒரே பெட்டி, முழுக் கச்சேரி. நம் நாடகக் கொட்டகைகளில் ஆர்மோனியக்காரர் ஒருவர் மட்டும் சபையைத் தூக்கி நிறுத்துவாரே, அந்த வேலை. கேட்கிறவனாக உட்கார வந்தவனைப் பாடுகிறவனாக்கி அனுப்புவதுதான் பியானோ செய்தது. மற்ற எல்லாக் காரணங்களும் எனக்கு இதற்கு அப்புறம்தான்.

இது இரண்டாம் போரில் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1915 பிப்ரவரியில் லீனா ஆஷ்வெல் என்ற ஆங்கில நாடக நடிகை ஒரு சின்னக் கச்சேரிக் குழுவைப் பிரான்ஸின் லு ஹாவ்ருக்கு அனுப்பி வைத்தார். ஒய்.எம்.சி.ஏ. வழியாகப் போன குழு அது. பாடகர்கள், ஒரு பிடில்காரர், ஒரு பியானோக்காரர், அவ்வளவுதான். ராணுவ முகாம்களிலும் ஆஸ்பத்திரி வார்டுகளிலும் பாடினார்கள். போர் முடிவதற்குள் இப்படிப் பல குழுக்கள் போய் ஆயிரக்கணக்கான கச்சேரிகள் நடந்துவிட்டன.

அதே 1915 டிசம்பரில் பெல்ஜியத்தின் போப்பரிங்கே ஊரில் டால்பட் ஹவுஸ் என்ற வீட்டைத் திறந்தார்கள். ஈப்ரே சண்டைக்களத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர் பின்னால் இருக்கும் ஊர். ஃபிலிப் கிளேட்டன் என்ற படைக்குரு, அதாவது ராணுவப் பாதிரியார், நடத்திய வீடு அது. அகழியிலிருந்து ஓரிரு நாள் விடுப்பில் வருகிறவன் அங்கே டீ குடிக்கலாம், புத்தகம் படிக்கலாம், தோட்டத்தில் உட்காரலாம், பியானோவைச் சுற்றி நின்று பாடலாம். பதவி, அந்தஸ்து எல்லாவற்றையும் வாசலிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லும் அறிவிப்பு ஒன்று அங்கே தொங்கியது. ராணுவத்தில் அதிகாரி ஒரு பக்கம், சிப்பாய் ஒரு பக்கம் என்று எல்லாமே பிரிந்திருந்த காலம் அது. பியானோவைச் சுற்றி நிற்கும்போது அப்படிப் பிரிந்து நிற்க முடியாது. தோளோடு தோள் இடித்துத்தான் நிற்க வேண்டும். பக்கத்தில் பீருக்குப் போடும் ஹாப்ஸ் பூவை வைக்கும் கொட்டகை ஒன்றைக் கச்சேரி மேடையாக்கிக்கொண்டார்கள். அந்த வீடு இன்றைக்கும் இருக்கிறது. போகிறவர்கள் பார்க்கலாம், தங்கலாம்.

சரி, மனவலிமை கூடியதா என்ற கேள்வி. இதில் அன்றைக்கே பெரிய சண்டை நடந்தது.

1941 நவம்பரில் வேரா லின் என்ற பாடகி பிபிசியில் வீரர்களுக்காக ஒரு நிகழ்ச்சி தொடங்கினார். பிரிந்தவர்கள் மறுபடி சேர்வோம் என்பது போன்ற பாட்டுகள், வீட்டிலிருந்து சேதிகள். வீரர்கள் உயிரையே வைத்திருந்தார்கள். மேலிடத்தில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. இப்படி உருகினால் பையன்கள் எப்படிச் சண்டை போடுவார்கள், விறைப்பான அணிவகுப்புப் பாட்டுகளைப் போடுங்கள் என்றார்கள். 1942-ல் பிபிசி அளவுக்கு மீறி உருகும் பாட்டுகளைத் தவிர்க்க ஒரு கொள்கையே வகுத்தது.

அந்த அதிகாரிகள் மனவலிமை என்றால் விறைப்பு என்று நினைத்தார்கள். விறைப்பு ஏற்கெனவே வேண்டிய அளவு இருந்தது. நாள் முழுக்க அதைத்தானே பழக்குகிறார்கள்? ஒருவனுக்கு இல்லாமல் போனது, தான் இன்னாருடைய மகன், இன்ன ஊர்க்காரன், இன்ன பாட்டைப் பாடுகிறவன் என்ற நினைப்பு. அதை அரை மணி நேரம் திருப்பிக் கொடுத்தால் அவன் அழலாம். அழுதுவிட்டுத் தூங்குவான். எழுந்து மறுநாள் வேலையைப் பார்ப்பான். சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் ஊரில் பிறந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதே வேரா லின் 1944-ல், இருபத்தேழு வயதில், பர்மா முனைக்குப் போனார். ஜிப்ரால்டர், கெய்ரோ, பாஸ்ரா, பம்பாய், கல்கத்தா வழியாக அரக்கான் பக்கம். கொஹிமாவில் சண்டை நடந்த அதே பருவத்தில் திமாப்பூர் வரைக்கும் போனார். மறக்கப்பட்ட படை என்று தங்களைத் தாங்களே சொல்லிக்கொண்ட பதினான்காவது ராணுவம் அது. கூடப் போனது பியானோக்காரர் லென் எட்வர்ட்ஸ். லாரியின் பின்னால் ஒரு சின்னப் பியானோ. காட்டு வழியில் குலுங்கிக் குலுங்கி, வெயிலும் ஈரமும் சேர்ந்து அந்தப் பியானோ சுதி கெட்டுப்போனது. காக்கி டிரவுசரும் சட்டையும் போட்டுக்கொண்டு, வியர்வை வழிய வழிய அவர் பாடினார். ஆஸ்பத்திரிக் கூடாரங்களில் கட்டில் கட்டிலாகப் போய் உட்கார்ந்து பேசினார். சுதி போன பியானோவுக்கு நேராகப் பாடுவது பாடகருக்கு எவ்வளவு வேதனை என்று எனக்குத் தெரியும். ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த வீரர்களுக்கு, இவ்வளவு தூரம் ஒருத்தி நம்மைத் தேடி வந்திருக்கிறாள் என்பதே பெரிய விஷயமாக இருந்தது. பிற்பாடு பல பத்தாண்டுகள் அந்தப் படையின் முதியவர்கள் அவரைத் தங்கள் ஆள் என்றே கொண்டாடினார்கள். 1985-ல் அவருக்கு பர்மா ஸ்டார் பதக்கம் கிடைத்தது. 2020-ல், 103 வயதில் காலமானார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பதினான்காவது ராணுவத்தில் பெரும்பான்மை இந்திய வீரர்கள். மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் ஆட்கள் அந்தப் பர்மாப் போரில் ஆற்றுக்கு ஆறு பாலம் கட்டினார்கள். அவர்களில் தமிழர்கள் நிறையப் பேர். வேலூர்ப் பக்கத்திலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ போன ஒருவருக்கு அந்த ஆங்கிலப் பாட்டு யாரோ ஒருவர் வீட்டுப் பாட்டு. பியானோ சத்தத்தில் அவருக்கு எந்த வீடும் ஞாபகம் வந்திருக்காது. இதைச் சொல்வது குறை சொல்ல இல்லை. பியானோவுக்குள் ஏதோ மந்திரம் இருக்கிறது என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். லண்டனிலும் சிகாகோவிலும் அந்தத் தலைமுறையில் எத்தனையோ வீடுகளின் கூடத்தில் ஒரு நெட்டுப் பியானோ நின்றது. அக்காவோ அம்மாவோ அதில் வாசித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அதைச் சுற்றி நின்று பாடினார்கள். முகாமில் அதே சத்தம் கேட்டதும் அந்தக் கூடம் கண்முன் வந்தது. நம் ஆட்களுக்கு அந்த வேலையைச் செய்ய ஓர் ஆர்மோனியப் பெட்டியும் ஒரு டோலக்கும் போதும். அதுவும் ஐரோப்பாவிலிருந்து வந்த பெட்டிதான், ஆனால் எப்போதோ நம்முடையதாகிவிட்டது. அமெரிக்கப் படைக்குருமார்கள்கூட மடக்கிக் கையில் தூக்கிப் போகும் சின்ன ஆர்கன்களைத்தான் பூசைக்கு எடுத்துப் போனார்கள். வெர்மான்ட் மாநிலத்தில் எஸ்டே என்ற கம்பெனி செய்தது. மடக்கியபோது பெட்டி, விரித்தால் கால்மிதி ஆர்மோனியம் மாதிரியே இருக்கும்.

இசையால் போரை நிறுத்த முடிந்ததா என்றால், இல்லை. அதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். 1862 டிசம்பர் 30 இரவு, அமெரிக்க உள்நாட்டுப் போரில், டென்னசி மாநிலத்தின் மர்ஃப்ரீஸ்பரோ பக்கத்தில் வடக்குப் படையும் தெற்குப் படையும் கூப்பிடு தூரத்தில் முகாம் போட்டிருந்தன. இரண்டு பக்கத்து வாத்தியக் குழுக்களும் போட்டி போட்டுக்கொண்டு அவரவர் பாட்டை வாசித்தன. கடைசியில் ஒரு குழு வீட்டைப் பற்றிய ஒரு பாட்டை எடுத்தது. இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த பாட்டு. எதிர்ப்பக்கமும் சேர்ந்துகொண்டது, பிறகு ஆயிரக்கணக்கான வீரர்கள் இரண்டு பக்கமும் ஒன்றாகப் பாடினார்கள். விடிந்ததும் சண்டை. ஜனவரி 2 வரைக்கும் நடந்த அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் சேர்த்து 20,000-க்கும் அதிகமானோர் செத்தோ காயம்பட்டோ காணாமலோ போனார்கள். அந்தப் பாட்டு அவர்களில் யாரையும் காப்பாற்றவில்லை. ஆனால் பலருக்கு அதுதான் கடைசி ராத்திரி. அந்த ராத்திரியில் அவர்கள் பாடினார்கள்.

அதனால் மனவலிமை என்ற சொல்லை ராணுவம் அளக்கிற மாதிரி நான் அளப்பதில்லை. எத்தனை பேர் நன்றாகச் சண்டை போட்டார்கள் என்று பார்த்தால் இதற்குக் கணக்கே கிடைக்காது. பியானோவோ வேறு வாத்தியமோ எதுவும் இல்லாத இடத்தில் ஆட்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால், இசை அவர்களுக்கு எவ்வளவு அவசியம் என்பது தெரியும்.

வியன்னாவின் பியானோ கலைஞர் பால் விட்கென்ஸ்டைன் 1914-ல் போரில் வலது கையை இழந்தார். ரஷ்யர்களிடம் கைதியாகி சைபீரியாவின் ஓம்ஸ்க் நகரத்துக்குப் போனார். அங்கே ஒரு காலிப் பெட்டியின் மேல் கரியால் கட்டைகளை வரைந்துகொண்டு, சத்தமே வராத அந்தப் பலகையில் இடது கையால் பழகிக்கொண்டே இருந்தார். பிற்பாடு அவர் ஒரு கையாலேயே மேடையேறினார், அவருக்காகவே பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் இடது கைக்கான கான்செர்ட்டோ எழுதினார்.

இன்னொன்று சுமத்ரா தீவில் நடந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது தப்பிப்போன கப்பல்கள் பாங்கா தீவுப் பக்கம் மூழ்கின. கரை சேர்ந்த பெண்களையும் குழந்தைகளையும் ஜப்பானியப் படை சிறை வைத்தது. ஆங்கிலேயர்கள், டச்சுக்காரர்கள், ஆஸ்திரேலிய ராணுவ நர்ஸ்கள். பலெம்பாங் முகாமில் இரண்டு பெண்கள் ஒன்று சேர்ந்தார்கள். மார்கரெட் டிரைபர்க், சிங்கப்பூரில் கிறிஸ்தவ ஊழியம் செய்தவர். நோரா சேம்பர்ஸ், லண்டனில் முறையாக வயலின் படித்தவர். வாத்தியம் எதுவும் கையில் இல்லை. வாத்தியத்துக்கு எழுதிய இசையைக் குரலுக்கு மாற்றுவது என்று முடிவு செய்தார்கள். டிவோர்ஷாக்கின் சிம்பொனியிலிருந்து ஒரு பகுதி, ஷோபானின் பியானோ இசை, எல்லாவற்றையும் ஞாபகத்திலிருந்தே எழுதினார்கள். மேல் குரல், கீழ்க் குரல் என்று நாலாகப் பிரித்தார்கள். வார்த்தை கிடையாது, வெறும் ஹம்மிங். ஒவ்வொருத்தியும் தன் குரலுக்குரிய பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு முப்பது பேர் சேர்ந்து ஒரு வாத்தியக் குழுவாக வேண்டும்.

முதல் கச்சேரி 1943 டிசம்பர் 27. கூட்டம் கூடக் கூடாது என்று தடை இருந்தது. தடுக்க ஓடி வந்த காவலாளி ஒருவன் அப்படியே நின்று கேட்டான்.

அவர்கள் எடுத்துக்கொண்ட ஷோபான் இசைகளில் 'மழைத்துளி' என்று பெயர் வந்துவிட்ட பிரெலூட், அதாவது சின்னப் பியானோ இசை, ஒன்று. அதை வாசித்தவர்களுக்குத் தெரியும், ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் ஒரே ஒரு சுரம், கூரையிலிருந்து சொட்டுகிற மாதிரி, திரும்பத் திரும்ப வரும். பியானோவில் அது ஒரு விரலின் வேலை. நடுவில் மெட்டு இருண்டு கனத்துப் போகும்போதும் அந்த விரல் நிறுத்தக் கூடாது. பலெம்பாங்கில் அந்தச் சொட்டைக் குரலால் போட வேண்டியிருந்தது. கைப்பிடி அரிசியில் உயிர் வாழ்ந்துகொண்டிருந்தவர்கள், மூச்சு தீர்ந்தால் பக்கத்தில் நிற்கிறவள் எடுத்துக்கொள்ள, அந்த ஒரே சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். 1945-க்குள் பாடினவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் நோயிலும் பசியிலும் செத்துவிட்டார்கள். பாட்டு நின்றது. டிரைபர்க் அந்த ஏப்ரலில் இறந்தார். எழுதி வைத்த சுரத்தாள்களைப் பிழைத்தவர்கள் பத்திரமாக ஊருக்குக் கொண்டுவந்தார்கள். 1980-களில் கலிஃபோர்னியாவில் ஒரு பெண்கள் பாடகர் குழு அவற்றை எடுத்துப் பாடியது. பலெம்பாங்கில் பாடி உயிர் பிழைத்தவர்களில் சிலர் அதைக் கேட்க வந்து உட்கார்ந்திருந்தார்கள்.